வெயிலில் ஒரு நடை: நாம் கற்றுக்கொண்டது

(அறக்கட்டளையின் குடும்பக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)



 

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவித்தொகை, மருத்துவ உதவி, விதவைத் தாய்மார்களுக்கான மாதாந்திர உதவி ஆகியவற்றின் வரவு செலவைத்தான் வாசிப்போம். அதை இம்முறை பொருளாளர் வாசித்துவிட்டார். நாங்கள் பேச வந்தது தை மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நாம் சேர்ந்து போன நடையைப் பற்றி. "அறக்கட்டளைக்கும் காட்டுப் பக்கம் நடந்து போவதற்கும் என்ன சம்பந்தம்? இது பிக்னிக் கமிட்டியா?" என்று சிலர் எங்களிடம் நேராகவே கேட்டார்கள். நியாயமான கேள்விதான். அன்று ஒரு சகோதரி மயங்கி விழுந்ததும் ஊரில் பேச்சாகியிருக்கிறது. ஆகவே நடந்ததை நடந்தபடி உங்கள் முன் வைப்பது எங்கள் கடமை.

முதலில், ஏன் போனோம்? கடந்த சில ஆண்டுகளாக எங்களிடம் வரும் மருத்துவ உதவி மனுக்களைப் பார்க்கிறோம். பிரசவம், விபத்து என்று வருபவை குறைவு. கால் புண் ஆறவில்லை, விரலை எடுக்கச் சொல்கிறார்கள், சிறுநீரகம் பழுதாகி டயாலிசிஸ், கண் மங்கிவிட்டது என்று வருபவைதான் அதிகம். எல்லாவற்றுக்கும் மூலம் ஒன்றுதான், சர்க்கரை. இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிதி கொடுத்து நடந்த ஆய்வு 2023-ல் சொன்னது. அந்தப் பெரிய எண்ணிக்கை நம் மனதில் பதிவதில்லை. நம் தெருவில் வீட்டுக்கு வீடு மாத்திரை அட்டை இருப்பது பதிய வேண்டும்.

மருத்துவர்கள் எல்லோரும் சொல்வது, "நடங்கள்." வாரத்துக்கு 150 நிமிடமாவது சற்று வேகமாக நடக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஐந்து நாளைக்குத் தலா 30 நிமிடம். எங்கே நடப்பது? பஜார் ரோட்டில் நடந்தால் ஒரு பக்கம் பஸ், இன்னொரு பக்கம் கரும்பு ஏற்றிய டிராக்டர். ஆண்களாவது டீக்கடை வரை போய்த் திரும்பி அதை நடை என்று கணக்கில் எழுதிக்கொள்வார்கள். நம் வீட்டுப் பெண்களுக்கு அதுவும் இல்லை. சமையல்கட்டிலிருந்து மாடி, மாடியிலிருந்து சமையல்கட்டு. இளைஞர்களோ விடிவதற்குள் கம்பெனி பஸ் ஏறி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் போய், இருட்டிய பிறகு வந்து இறங்குகிறார்கள். நைட் ஷிப்ட் என்றால் பகல் முழுக்கத் தூக்கம். ஒரு தம்பி எங்களிடம் சொன்னார்: "பாய், நம்ம ஊர் ஏரிக்கரைக்கு நான் போயி அஞ்சு வருஷம் ஆகுது." அவர் வீட்டிலிருந்து ஏரிக்கரை பத்து நிமிடத் தூரம்.

2023 நவம்பரில் தமிழக அரசு 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று மாவட்டத்துக்கு ஒரு 8 கிலோமீட்டர் நடைபாதையைத் தொடங்கியது நினைவிருக்கும். நல்ல திட்டம். ஆனால் ஆர்.கே.பேட்டையில் இருக்கும் ஒரு தாய் அதற்காக பஸ் ஏறிப் போக மாட்டார். நம் ஊரைச் சுற்றியே மலையும் வயலும் இருக்கும்போது அவர் ஏன் பஸ் ஏற வேண்டும்? இப்படித்தான் இந்த யோசனை வந்தது.

போனவர்கள் மொத்தம் 43 பேர். அதில் பெண்கள் 17, பிள்ளைகள் 14. திட்டம் சுமார் 6 கிலோமீட்டர். தெருவிலிருந்து ஏரிக்கரை, அங்கிருந்து வயல் வரப்பும் வண்டிப்பாதையும், பிறகு மலையடிவாரத்தில் காட்டோரமாகக் கொஞ்ச தூரம், மாந்தோப்பு வழியாகத் திரும்புவது. ஃபஜ்ரு தொழுத கையோடு கிளம்புவது என்று முடிவு செய்திருந்தோம். கிளம்பியது எட்டே முக்காலுக்கு. ஒருவர் வரட்டும், இன்னொருவர் வரட்டும் என்று காத்திருந்தோம். பிள்ளைகளுக்குப் பிஸ்கட் பாக்கெட் வாங்கப் போனோம். இது எங்கள் தவறு. இதை ஏன் முதலிலேயே சொல்கிறோம் என்பது பின்னால் புரியும்.

வானத்தில் ஒரு மேகம் இல்லை. தறிச் சத்தம் கேட்கும் தெருக்களைத் தாண்டி ஏரிக்கரையில் ஏறியதும் காது திடீரென்று லேசானது. பிள்ளைகள்தான் அதை முதலில் கவனித்தார்கள். "சத்தமே இல்லை" என்றான் ஒரு பையன். சத்தம் இருந்தது. கொக்கு இறங்கும் சத்தம், மோட்டார் தண்ணீர் வாய்க்காலில் விழும் சத்தம், தூரத்தில் யாரோ மாட்டை அதட்டும் சத்தம். தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு அதெல்லாம் சத்தமாகவே தெரியவில்லை.

நம் கூட்டத்தில் 75 வயதைத் தாண்டிய ஒரு நானிமா இருந்தார். அவரை அழைத்துப்போக வேண்டாம், பாதியில் உட்கார்ந்துவிடுவார் என்று அவர் வீட்டிலேயே சொன்னார்கள். கடைசியில் எல்லோரையும்விட நன்றாக நடந்தது அவர்தான். "சின்ன வயசுல நான் இந்த மலையடிவாரத்துக்கு விறகு பொறுக்க வருவேன்" என்றார். "நான் பொறந்தப்ப நம்ம ஊரு சித்தூர் ஜில்லா. வீட்டை மாத்தல, ஜில்லாவைத்தான் மாத்தினாங்க" என்று அவர் சொன்னபோது பிள்ளைகள் நம்பவில்லை. உண்மைதான். 1960 ஏப்ரல் 1 அன்றுதான் திருத்தணிப் பகுதி ஆந்திராவிலிருந்து அப்போதைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பிறகு செங்கல்பட்டு மாவட்டம், 1997 முதல் திருவள்ளூர் மாவட்டம். நம் வயல்காட்டில் பாதிப் பேர் தமிழிலும் பாதிப் பேர் தெலுங்கிலும் பேசுவதும், நாம் வீட்டில் உருது பேசுவதும், சந்தையில் மூன்றையும் கலந்து பேசுவதும் இந்த எல்லை மண்ணின் வழக்கம்.

சம்பா அறுத்து முடிந்த வயல்கள் ஒரு பக்கம் வெறுமையாகக் கிடந்தன. தண்ணீர் வசதி இருந்த வயல்களில் நவரை நட்டுப் பச்சை பிடித்திருந்தது. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று இந்தப் பக்கத்து நெல் பட்டங்களின் பெயரைக் கேட்டபோது நம் பிள்ளைகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. தினமும் சோறு சாப்பிடுகிறோம், எந்த மாதம் நடுகிறார்கள், எந்த மாதம் அறுக்கிறார்கள் என்று தெரியாது. பிள்ளைகளைச் சொல்வானேன், நம்மில் பலருக்கே தெரியவில்லை.

வரப்பில் ஒரு சாரைப்பாம்பு குறுக்கே ஓடியது. பிள்ளைகள் அலறினார்கள். ஒருவன் கல்லை எடுத்துவிட்டான். நானிமா அவன் கையைப் பிடித்து, "டேய், போட்ரா கீழ. அது எலியைப் புடிக்கிற பாம்பு, வயல்காரனுக்கு வேலை செய்யுது, அது பாட்டுக்குப் போகட்டும்" என்றார். பாம்பு போய்விட்டது. ஆனால் எல்லாப் பாம்பும் சாரை இல்லை. வரப்பில் நடக்கும்போது முன்னால் போகிறவர் கையில் ஒரு கோல் இருக்க வேண்டும், காலில் செருப்பு இருக்க வேண்டும். கடித்துவிட்டால் கீறக்கூடாது, இறுக்கிக் கட்டக்கூடாது, மந்திரம் தேடி ஓடக்கூடாது. கடித்த காலை அசைக்காமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். விஷமுறிவு ஊசி அங்கே இருக்கிறது.

பிறகு மலையடிவாரம். நாம் காடு என்று சொல்வது, உயர்ந்த மரங்கள் அடர்ந்த காடு அல்ல. முட்புதர்களும், வேம்பும், புங்கனும், நுணாவும், அங்கங்கே சீத்தாச் செடியும் நிற்கும் வறண்ட காடு. ஆவாரம் பூத்திருந்தது. நானிமா ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். துத்தி இலை மூலத்துக்கு, நாயுருவி வேர் பல் துலக்க, களாக்காய் ஊறுகாய்க்கு. "இந்த வேப்பங்குச்சி மிஸ்வாக் ஆகுமா?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். நாம் கடையில் வாங்கும் மிஸ்வாக் அராக் மரத்தின் வேர். தமிழில் உகா என்பார்கள். பல்லைச் சுத்தமாக வைப்பதுதான் நோக்கம், அராக் கிடைக்காத இடத்தில் வேம்பு போன்ற வேறு குச்சியாலும் துலக்கலாம் என்று உலமாக்கள் சொல்லியிருப்பதை அவளுக்கு விளக்கினோம். மதரஸாவில் மனப்பாடமாகக் கேட்டிருந்த சட்டம் அங்கே மரத்தடியில் நின்று கேட்டபோது அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது.

இந்தக் காட்டோரத்தில் பெரும் பகுதியை மூடியிருப்பது சீமைக் கருவேலம், வேலிக்காத்தான். அது நம் நாட்டு மரம் அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து விறகுக்காகவும் வறண்ட நிலத்தைப் பச்சையாக்கவும் 19-ம் நூற்றாண்டில் கொண்டுவந்தார்கள். விறகு கொடுத்தது, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஏரியிலும் வாய்க்காலிலும் புகுந்து மற்றச் செடிகளை முளைக்கவிடாமல் செய்துவிட்டது. "அப்போ இது இவ்வளவு கிடையாது" என்றார் நானிமா.

காப்புக்காட்டின் எல்லைக் கல்லுக்கு முன்னாலேயே நாங்கள் நின்றுகொண்டோம். இளைஞர்கள் சிலர் மேலே ஏறிப் பார்க்க ஆசைப்பட்டார்கள். காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் போகக்கூடாது. 1882-ல் வந்த வனச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. கோடையில் யாரோ ஒருவர் போடும் ஒரு பீடித் துண்டு மலையையே எரித்துவிடும். இளைஞர்களுக்கு வருத்தம்தான், ஆனாலும் கேட்டுக்கொண்டார்கள்.

அங்கே நின்று பார்த்தால் மலையில் விழும் மழை எந்தப் பக்கம் ஓடும் என்பது கண்ணுக்குத் தெரியும். ஓடைகள், ஏரிகள், ஒரு ஏரி நிரம்பி இன்னொரு ஏரி. பள்ளிப்பட்டு வழியாக வரும் கொசஸ்தலையாறு பூண்டி ஏரிக்குப் போகிறது. 1944-ல் கட்டி முடித்த அந்த நீர்த்தேக்கத்திலிருந்துதான் சென்னைக்குக் குடிநீர் போகிறது. சென்னையில் இருக்கும் நம் பிள்ளைகள் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரில் இந்த வட்டாரத்து மழைக்கும் பங்கு இருக்கிறது. ஏரிக்குள் நாம் வீசும் கோழிக்கழிவுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நாம்தான் அல்லாஹ்விடம் பதில் சொல்ல வேண்டும் என்பதையும் அங்கேயே பேசினோம்.

இப்போது, நடந்த சம்பவத்துக்கு வருகிறோம். அந்தச் சகோதரியின் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறோம். அவர் பெயர் வேண்டாம்.

மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. வெயில் ஏறிவிட்டது. திரும்பி வரும் வண்டிப்பாதையில் நிழல் இல்லை. கரும்புத் தோட்டத்தை ஒட்டி வரும்போது அந்தச் சகோதரி பின்தங்கினார். கேட்டதற்கு, "ஒண்ணுமில்லை, போங்க" என்றார். கொஞ்ச நேரத்தில் பேச்சு குழறியது. கை நடுங்கியது. முகம் முழுக்க வியர்வை. அப்படியே உட்கார்ந்தவர் சாய்ந்துவிட்டார். நாங்கள் பதறிவிட்டோம். வெயில் மயக்கம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஒருவர் விசிறினார், ஒருவர் துஆ ஓதினார், ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார்.

தோட்டத்திலிருந்து ஒரு விவசாயப் பெரியவர் ஓடி வந்தார். "பாய், அந்தம்மாவை மோட்டார் கொட்டகை நிழலுக்குத் தூக்கிட்டு வாங்க" என்றார். கொண்டுபோனதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "காலையில சாப்பிட்டாங்களா? சுகர் மாத்திரை போடறவங்களா?" நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். 43 பேரில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. சகோதரியின் பத்து வயது மகள்தான் அழுதுகொண்டே சொன்னாள்: "அம்மா மாத்திரை போட்டாங்க. லேட்டாயிடுச்சுன்னு சாப்பிடாம வந்துட்டாங்க. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னாங்க."

பெரியவரின் மனைவி வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து எடுத்து வந்தார். சகோதரிக்கு நினைவு முழுதும் போகவில்லை, விழுங்க முடிந்தது. தலையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "தாகம்மா, தாகு" என்று தெலுங்கில் சொல்லிச் சொல்லி வாய் வாயாக ஊட்டினார் அந்தத் தாய். பத்துப் பதினைந்து நிமிடத்தில் சகோதரி கண் திறந்து, எங்கே இருக்கிறோம் என்று கேட்டார். அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பெரியவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டோம். "என் வீட்டுக்காரிக்கும் சுகர்தான் பாய். இதே மாதிரி ரெண்டு தடவை விழுந்திருக்கா" என்றார்.

சகோதரிக்கு வந்தது வெயில் மயக்கம் மட்டுமல்ல, சர்க்கரை தாழ்ந்துபோனது. சர்க்கரை கூடுவதைப் பற்றியே நாம் பயப்படுகிறோம். குறைவது அதைவிட வேகமாக ஆளைச் சாய்க்கும். இதைக் கவனமாகக் கேளுங்கள். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களும், இன்சுலின் போடுபவர்களும், மருந்தை எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் உழைத்தாலோ நடந்தாலோ சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடும். வியர்வை, நடுக்கம், படபடப்பு, கடும் பசி, பேச்சுக் குழறல், கோபம் ஆகியவை அதன் அடையாளங்கள். உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்தோ, அந்த அளவு வெல்லமோ கொடுக்க வேண்டும். 15 நிமிடம் பொறுத்துச் சரியாகவில்லை என்றால் மறுபடி அதே அளவு. தெளிந்த பிறகு சாப்பாடு. நினைவு அறவே போய்விட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது, மூச்சுக்குழலில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும்.

வெயில் மயக்கம் என்றால் நிழல், தளர்த்திய உடை, ஈரத் துணி, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர். ஓ.ஆர்.எஸ். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும் கலந்தால் போதும். உடம்பு நெருப்பாகக் கொதித்து, புத்தி தடுமாறினால் அது வெப்பப் பக்கவாதம். ஒரு நிமிடமும் தாமதிக்காமல் உடம்பை நனைத்துக் குளிர்வித்தபடியே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சகோதரி தெளிந்ததும் அவருக்கு அங்கேயே சாப்பாடு கொடுத்தார்கள். ஒரு தம்பி பைக்கோடு அண்ணனை வரச்சொல்லி அவரையும் மகளையும் வீட்டுக்கு அனுப்பினார். எஞ்சியவர்கள் அங்கேயே லுஹர் தொழுதோம். "களத்துல நிழல் இருக்கு, அங்க தொழுதுக்கங்க" என்று பெரியவரே இடம் காட்டினார். மோட்டார் தண்ணீர் தாராளமாகக் கொட்டிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் அதில் ஆடத் தொடங்கினார்கள். ஒளூவுக்கு ஆற்றங்கரையில் இருந்தாலும் அளவாகத்தான் தண்ணீர் எடுக்க வேண்டும் என்று மதரஸாவில் படித்ததை நினைவுபடுத்தினோம். அந்தத் தண்ணீர் யாருடைய பயிருக்குப் போகிறது என்பது கண்ணெதிரே தெரிந்ததால் இம்முறை இரண்டாவது தடவை சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கிளம்பும்போது பெரியவரிடம் ஏதாவது கொடுக்க முயன்றோம். வாங்கவே இல்லை. "வேற ஒண்ணும் வேணாம் பாய். ரெண்டு விஷயம். கிணத்துக்கிட்ட பசங்களை விடாதீங்க, அதுக்குச் சுவர் இல்ல. பிளாஸ்டிக் கவரை வரப்புல போட்டுட்டுப் போகாதீங்க, போன வருஷம் என் பசுமாடு அதைத் தின்னுதான் செத்துது" என்றார். நாங்கள் தலைகுனிந்தோம். ஏனென்றால் வந்த வழி நெடுக நம் பிஸ்கட் கவர்கள் கிடந்தன. இளைஞர்கள் ஆறு பேர் திரும்பிப் போய் ஏரிக்கரை வரை பொறுக்கி வந்தார்கள். பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது தர்மம் என்று எத்தனை பயானில் கேட்டிருக்கிறோம்! அன்று அந்த இடையூறைப் போட்டவர்களே நாம்தான்.

இப்போது மனதை உறுத்திய விஷயத்தைச் சொல்கிறோம். அந்தச் சகோதரி ஏன் மறைத்தார்? மூத்த மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அம்மாவுக்குச் சர்க்கரை என்று தெரிந்தால் மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்குவார்கள் என்ற பயம். வீட்டு வாசலுக்கே வந்து மாத்திரை கொடுக்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டிலிருந்து நடக்கிறது. அந்தப் பணியாளர் தன் வாசலில் நிற்பதை அக்கம்பக்கம் பார்த்துவிடுமே என்று அதில்கூட அவர் பெயர் பதியவில்லை. தெருக்கோடி மருந்துக் கடையிலும் வாங்காமல் சோளிங்கருக்குப் போய் வாங்கி வந்திருக்கிறார்.

அன்று திரும்பி வரும் வழியில் பெண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டே வந்தார்கள். "எனக்கும்தான் ரெண்டு வருஷமா இருக்கு" என்றார் ஒருவர். "எனக்குப் போன ரமளான்லயே தெரிஞ்சுது, வீட்டுக்காரருக்கே இன்னும் சொல்லல" என்றார் இன்னொருவர். ஊருக்குள் வந்து சேர்வதற்குள் 16 பேரில் ஏழு பேர் தங்களுக்குச் சர்க்கரை என்று சொல்லிவிட்டார்கள். ஒரே தெருவில் வருடக்கணக்காக வாசலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர்கள்தான். அங்கே சொல்லாததை, பக்கத்தில் நடந்துகொண்டே, முகத்தைப் பாராமல் சொல்ல முடிந்திருக்கிறது. "இந்த நடைக்கும் அறக்கட்டளைக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டவர்களுக்கு எங்கள் பதில் இதுதான். கால் விரலை எடுத்த பிறகு மனு வாங்கிப் பணம் கொடுப்பது எங்களுக்குப் பழகிய வேலை. இரண்டு வருடம் முன்பே அந்தத் தாய் வாய் திறந்து சொல்ல ஓர் இடம் உண்டாக்குவதும் எங்கள் வேலைதான்.

மாப்பிள்ளை வீட்டார்களாக இங்கே அமர்ந்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெண்ணின் தாய்க்கு நோய் இருப்பது குற்றம் அல்ல. நம் வீட்டிலும் அந்த மாத்திரை அட்டை இருக்கிறது. மறைக்கத் தேவையில்லாத சூழலை நாம் கொடுத்தால், யாரும் சோளிங்கர் போய் மாத்திரை வாங்க மாட்டார்கள்.

பெண்களை வெட்டவெளியில் நடக்க வைப்பது முறையா என்று சில பெரியவர்கள் கேட்டார்கள். அவர்களை மதித்தே பதில் சொல்கிறோம். கண்ணியமான உடையில், மஹ்ரமான ஆண்களும் பிள்ளைகளும் உடன் வர, பகல் வெளிச்சத்தில் போகிறோம். நம் பாட்டிமார்கள் விறகுக்கும் தண்ணீருக்கும் இந்த வரப்பில்தான் நடந்தார்கள். அவர்கள் கண்ணியத்துக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை. நானிமா இன்று 75 வயதில் நடப்பதே அந்த நடையின் பலன். உடம்பு அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். ஆணுக்கும் அது அமானிதம்தான், பெண்ணுக்கும் அமானிதம்தான்.

ரமளான் வரப்போகிறது. சர்க்கரை நோயாளிகள் நோன்பு பிடிப்பது பற்றி இப்போதே மருத்துவரைப் பாருங்கள். மாத்திரையின் நேரமும் அளவும் மாற வேண்டியிருக்கும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை கொடுத்திருக்கிறது. அந்தச் சலுகையை வெட்கமாக நினைத்து உயிரோடு விளையாட வேண்டாம். சந்தேகம் இருந்தால் நம் இமாம் அவர்களிடம் தனியாகக் கேளுங்கள்.

இனி முடிவுகள். இன்ஷா அல்லாஹ், ரமளானுக்குப் பிறகு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த நடை தொடரும். ஃபஜ்ரு தொழுது, இட்லியோ கஞ்சியோ சாப்பிட்டு, வெளிச்சம் வந்ததும் கிளம்ப வேண்டும். யாருக்காகவும் காத்திருக்க மாட்டோம், எங்களுக்காகவும் காத்திருக்க வேண்டாம். எட்டரை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். கோடையில் தூரம் பாதி. கிளம்புமுன் பெண்களுக்குப் பெண் தன்னார்வலரும், ஆண்களுக்கு ஆண் தன்னார்வலரும் சர்க்கரை பார்ப்பார்கள். கருவி வாங்க ஒரு நண்பர் பெயர் சொல்லாமல் பணம் கொடுத்திருக்கிறார். யாருடைய அளவும் வெளியே போகாது, இது அமானிதம். பையில் தண்ணீர், வெல்லம், ஓ.ஆர்.எஸ். இருக்கும். பிளாஸ்டிக் பாக்கெட் இருக்காது. வேர்க்கடலையும் வாழைப்பழமும் கொண்டுவருவோம். சர்க்கரை உள்ளவர்கள் வெறுங்காலோடு நடக்கக் கூடாது. பின்வார் வைத்த செருப்பு போட்டு, வீடு வந்ததும் இரண்டு பாதத்தையும் கழுவிப் பார்க்க வேண்டும். யாருடைய நிலத்தில் நடக்கிறோமோ அவரிடம் முதல் நாளே கேட்டுவிட வேண்டும்.

இன்னும் ஒன்று. அந்தப் பெரியவரின் கிணற்றைச் சுற்றிச் சுவர் எழுப்ப உதவலாமா என்று அவரிடம் கேட்டுப் பார்த்தோம். முதலில் மறுத்தார். "பிள்ளைகள் எங்களுடையதும்தான் இந்தப் பாதையில் நடக்கப்போகின்றன" என்று சொன்ன பிறகு சம்மதித்தார். கட்டடவேலை செய்யும் நம் சகோதரர்கள் இருவர் கூலி வாங்காமல் செய்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். செங்கல், சிமெண்ட் செலவுக்கு உங்களால் முடிந்ததை ஸதக்காவாகக் கொடுங்கள். அந்தக் களத்து ஓரத்தில் நான்கு வேப்பங்கன்றும் நான்கு புங்கங்கன்றும் நடவும் கேட்டிருக்கிறோம். அந்த வண்டிப்பாதையில் நிழல் இல்லை என்பதை நாம்தான் பட்டுத் தெரிந்துகொண்டோமே. நட்ட மரத்திலிருந்து பறவை தின்றாலும், மாடு தின்றாலும், மனிதன் நிழலில் ஒதுங்கினாலும் நட்டவருக்கு நன்மை எழுதப்படும் என்பது நாம் சிறுவயதிலிருந்து கேட்டுவரும் போதனை.

அந்தச் சகோதரி இப்போது நலம். 'மக்களைத் தேடி மருத்துவம்' பட்டியலில் தன் பெயரைப் பதிந்துவிட்டார். அடுத்த நடைக்கும் முதல் ஆளாகப் பெயர் கொடுத்திருக்கிறார், சாப்பிட்டுவிட்டு வருவதாக வாக்கும் கொடுத்திருக்கிறார். சம்பந்தம் பேசிய வீட்டாரிடம் தானே போய் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அவர்கள் பதில் இன்னும் வரவில்லை. நல்ல பதில் வர நாம் எல்லோரும் துஆ செய்வோம்.

வல்ல ரஹ்மான் நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவையும், நமக்கு உதவிய அந்தப் பெரியவர் குடும்பத்துக்கு நல்வாழ்வையும், நம் ஊர் ஏரிகளுக்கு நல்ல மழையையும் தந்தருள்வானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹ்.